கசகசா அளவு செவ்வாய்

நம் வயதுக்காரர்களுக்குக் கிரகங்கள் ஒன்பது. அதில் ஒன்றைப் பிற்பாடு கழித்துவிட்டார்கள். நம்மை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? போன வாரம் எங்கள் ஈசூன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கோப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மேல்வீட்டுச் சிறுமி தன் பாடப்புத்தகப் படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டி, "எட்டுதான் ஆன்ட்டி, நீங்க சொல்றது ஓல்ட் லா" என்றாள். ஓல்டாம். குழந்தையிடம் என்ன வாதாடுவது என்று கோப்பியைக் குடித்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

வந்தும் மனம் ஆறவில்லை. கிரகங்களைப் பற்றி எனக்கா தெரியாது? சிராங்கூன் ரோட்டில் கடைகடையாக அவற்றைக் கொண்டுபோய் வைத்தவள் நான். அதில் ஒன்று எங்கள் வீட்டுக்குள் புகுந்து எல்லோரையும் ஆட்டி வைத்ததையும் கண்ணால் பார்த்தவள். உங்களுக்கும் அந்தக் காலத்துச் சிங்கப்பூர் தெரியும். தெரிந்தவர்களிடம் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும்.

அப்பாவுக்கு அதே ரோட்டில், தேக்கா பக்கம் மளிகைக் கடை. கீழே கடை, மேலே நாங்கள். கோணிச் சாக்கு, மிளகாய் வற்றல், மண்ணெண்ணெய் எல்லாம் கலந்த அந்த வாசம் என் பள்ளிச் சட்டையிலும் இருக்கும். வகுப்பில் பக்கத்தில் உட்காருபவள் தும்முவாள். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் இருவரும் அவளுடைய சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் அவளுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் அப்பாதான்.

அத்தை தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் நாம் டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருப்போமே, அந்த இணைப்பைக் கொடுக்கிற வேலை. தலையில் கருப்பு வளையம், காதில் ஒரு குமிழ், வாய்க்கு நேரே ஒரு கொம்பு. அதை மாட்டி மாட்டி அவள் தலைமுடியில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தால் ஈப்போக்காரர், கோலாலம்பூர்க்காரர், மூவார்ச் சீனக் கடை முதலாளி டவுக்கே எல்லோர் குரலையும் பேசிக் காட்டுவாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இருபத்தைந்து வயது, மூக்கும் முழியுமாக இருப்பாள், கைநிறையச் சம்பளம். கல்யாணம் மட்டும் ஆகவில்லை.

காரணம் செவ்வாய். அவள் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. கட்டிக்கொள்கிறவன் ஆயுசுக்கு ஆகாது, அதே தோஷம் உள்ள மாப்பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஒரு வாத்தியார் வந்தார், ஒரு துறைமுகக் கிளார்க் வந்தார், இன்னும் யார் யாரோ வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள் அப்படியே போனார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார். அத்தை மிச்சக் கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். "பாவம், துக்கத்தை எப்படி அடக்குது பாரு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நானும் துடைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் மலேசியாவில் தைப்பிங்கிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் ஜாதகம் வந்தது. ரயில்வேயில் உத்தியோகம். மனைவி தவறிப்போய் இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர் என்றே எல்லோரும் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கும் செவ்வாய் தோஷம். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆனது அப்பாவுக்கு. ஜோசியர் பொருத்தம் பார்த்துச் சரி என்று சொன்ன அன்று, அப்பா கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். வந்தவர் போனவர்க்கெல்லாம் ஒரு பிடி கற்கண்டு கொடுத்தார். மார்கழி பிறப்பதற்குள் நிச்சயம், தையில் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது.

அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமா இருந்தது? அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குரல் மாற்றிப் பேசிக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

இப்போது என் கிரகங்களுக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் ஆண்டு இறுதி லீவு விடும் முன் அறிவியல் டீச்சர் கரும்பலகையில் சூரியனை வரைந்து, அதைச் சுற்றி ஒன்பது வட்டம் போட்டார். அப்புறம் அழித்துவிட்டார். "இது பொய். உண்மையான தூரத்துக்கு வரையணும்னா இந்தப் பலகை பத்தாது. பூமி ஒரு கடுகுன்னு வெச்சுக்குங்க. அப்ப சூரியன் ஒரு பூசணிக்காய். லீவுல செஞ்சு பாருங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். "நம்ம ஊரு பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கு. அதனால வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்துலதான் வரும். நம்பாதவங்க காலையில எழுந்து பாருங்க." நான் நம்பாதவள். எழுந்து பார்த்தேன். மழைக்காலம் என்பதால் பாதி நாள் மேகம்தான் தெரிந்தது. ஆனாலும் கடைக் கடிகாரம் ஏழு அடிப்பதற்குள் தெருவில் பளபளவென்று விடிந்திருந்தது. ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

மளிகைக் கடைக்காரர் மகளுக்குக் கிரகத்துக்கா பஞ்சம்? கடுகு இரண்டு, பூமிக்கும் வெள்ளிக்கும். புதனுக்கும் செவ்வாய்க்கும் கசகசா. வியாழனுக்கு ஜாதிக்காய், சனிக்குக் கொட்டைப்பாக்கு. யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் கொண்டைக்கடலை. புளூட்டோவுக்குச் சாக்கின் அடியில் கிடந்த மண் துகள். அம்மா பார்த்துவிட்டு, "ஒன்பது இருக்கா? கோயில்லயும் ஒன்பதுதான், சரியாப் போச்சு" என்றாள். நான் விடுவேனா? கோயில் நவக்கிரகத்தில் சூரியனும் சந்திரனும் உண்டே, டீச்சர் கணக்கில் அவை கிரகமே இல்லையே, ராகு கேது எங்கே, முக்கியமாகப் பூமி எங்கே என்று பிடித்துக்கொண்டேன். அம்மா கொத்தமல்லி ஆய்வதை நிறுத்தாமல், "நாம நிக்கிற இடத்தை யாருடி சுத்திக் கும்பிடுவா? போய் வேலையப் பாரு" என்றாள். 

மழை விட்ட ஒரு பிற்பகல், அத்தைக்கு ஓய்வு நாள். பூசணிக்காயைக் கடை வாசலில் ஒரு முக்காலியில் வைத்தேன். மற்றவற்றைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு இருவரும் கடைகளுக்கு முன்னால் தூண்கள் வரிசையாக நிற்கும் ஐந்தடி நடைபாதையில் இறங்கினோம். தூரக் கணக்கை அத்தைதான் டீச்சரின் எண்களிலிருந்து மனக்கணக்காகப் போட்டுச் சொன்னாள். புதன் தையற்கடை வாசலில். வெள்ளி அதற்கு அடுத்த தூணில். பூமி பூக்கடையில். மாலை கட்டிக்கொண்டிருந்த அக்கா, "என்னம்மா, என் கடையில கடுகு வெக்கிற? சூனியமா?" என்று கேட்டார். "இல்லக்கா, இதுதான் பூமி" என்றேன். "அப்ப நான் எங்க இருக்கேன்?" என்றார். "இதுக்குள்ளதான்." அவர் மல்லிகைச் சரத்தை மடியில் போட்டுக்கொண்டு அந்தக் கடுகையே பார்த்தார்.

பூக்கடையிலிருந்து திரும்பிப் பார்த்தால் பூசணிக்காய் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச தூரம் போனால் நகைக்கடைத் தூண். அங்கேதான் செவ்வாய். ஜாதிக்காய் வியாழன் அடுத்த குறுக்குத்தெருவைத் தாண்டி எங்கேயோ. பாக்குச் சனி கோயில் பக்கம். கொண்டைக்கடலைகளையும் மண் துகளையும் கொண்டுபோய் வைப்பதற்குள் இருட்டிவிடும், லாரி வரும் ரோடு என்று அம்மா முன்னாலேயே தடை போட்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் புளூட்டோவை முதன்முதலில் கழித்தது என் அம்மாதான்.

நகைக்கடைத் தூணருகே அத்தை பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரே ஒரு கசகசா விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இதான் செவ்வாயா?"

"ஆமா அத்தே."

"இத்துனூண்டா?" விரலைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். "ஊதினா போயிடும்டி."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அத்தை அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பயந்துபோய், பேச்சை மாற்றுகிற எண்ணத்தில், "தைப்பிங்ல டிரங்க் கால் ஆபீஸ் இருக்கா அத்தே?" என்று கேட்டுவைத்தேன். மாற்றுவதற்குக் கிடைத்த பேச்சைப் பாருங்கள்.

"இருக்கும். எனக்கு அங்க வேலை இருக்காது. வீட்டைப் பார்த்துக்கணும், பிள்ளைங்களைப் பார்த்துக்கணும்." முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "எனக்குப் போகப் பிடிக்கலடி. என் ஊரு இது. என் வேலை இங்க. அப்பாகிட்டச் சொல்லிடாத, பாவம், மனுஷன் இப்பதான் நிம்மதியா இருக்காரு."

சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு இரகசியம் காப்பது பெருமை. ஆனால் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தைப்பிங் மழை ஊர் என்று அம்மா சொல்லியிருந்தாள். வெயிலே படாத வீட்டில் அத்தை தலைவளையம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைத்துக்கொள்வேன்.

நிச்சயத்துக்கு நாள் குறித்த அன்று சாயங்காலம், சாப்பாட்டு நேரத்தில் அப்பா குஷியாக இருந்தார். குஷி வந்தால் அவர் ஒரு கதை சொல்வார், அத்தை பிறந்த கதை. எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஜப்பான்காரன் காலம். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவருடைய அம்மாவுக்கு வலி எடுத்ததும் இவரைத்தான் மருத்துவச்சியைக் கூட்டிவர அனுப்பினார்கள்.

"கும்மிருட்டு. கையில விளக்கு கிடையாது. சாக்கடையில விழுந்து முட்டி பேந்துபோச்சு. ஒரு நாய் வேற துரத்துது. கிழவியை இழுத்துக்கிட்டு வீட்டுக்குள்ள காலை வெக்கிறேன், குவான்னு சத்தம். நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஏழே கால். அதைத்தான் ஜோசியர்கிட்டயும் சொன்னேன். இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது."

"சாயங்காலமாப்பா?" என்றேன்.

"காலையிலடி. ராத்திரி பூரா வலி."

எத்தனையோ முறை கேட்ட கதைதான். ஆனால் இந்த முறை, லீவு முழுக்க விடியலைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணோடு கேட்டேன். "காலையில ஏழே காலுக்கு எப்படிப்பா இருட்டா இருக்கும்? நம்ம ஊர்ல எப்பவும் அதுக்குள்ள விடிஞ்சிருமே. டீச்சர் சொன்னாங்க. நானும் பார்த்தேன்."

"ஜப்பான்காரன் காலம்மா அது. அப்ப எல்லாமே இருட்டுதான்."

"சூரியனுமா?"

அம்மா களுக்கென்று சிரித்தாள். அப்பாவும் சிரிக்க வாயெடுத்தார். ஆனால் சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. அத்தை இரசக் கரண்டியைப் பிடித்தபடி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விட்டாளா என்றுகூடத் தெரியவில்லை.

அப்பா எச்சில் கையோடு எழுந்து கீழே கடைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அதே பழைய கடிகாரம்தான் கடைச் சுவரில் இருந்தது. அதன் முன்னால் நின்று, பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "மாத்தி வெக்கச் சொன்னான். வந்த உடனேயே எல்லாரையும் கடிகாரத்தைத் தள்ளி வெக்கச் சொன்னான். தோக்கியோ மணி. ஒன்றரை மணி நேரம் முன்னால. எங்கப்பாதான் நாற்காலி போட்டு ஏறித் தள்ளி வெச்சாரு. நான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நான் நின்னேன்மா."

அந்த ஏழே கால் ஜப்பான்காரனுடைய ஏழே கால். சிங்கப்பூர்ச் சூரியனுக்கு அது ஐந்தே முக்கால், பொழுது விடிய இன்னும் நேரம் இருக்கிற இருட்டு. கடிகாரத்தைத் தள்ளி வைக்கலாம். பூமியைத் தள்ளி வைக்க முடியுமா? ஆனால் கடிகாரத்தின் முகத்தையும் இருட்டையும் அப்பா இத்தனை வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கதை சொல்லியிருக்கிறார். அவருக்கும் உறைக்கவில்லை, கேட்ட எங்களுக்கும் உறைக்கவில்லை. கெட்ட காலம் என்றால் இருட்டாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை, "நீதானே ஆரம்பிச்சே, வா" என்று என்னையும் ஜோசியரிடம் இழுத்துக்கொண்டு போனார். ஜோசியர் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறையில் இருந்தார். விபூதி வாசமும் பழைய பஞ்சாங்க வாசமும் கலந்த அறை. அப்பா சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"நீங்க மணி சொன்னீங்க, நான் மணி போட்டேன்" என்றார். "யாரோட மணின்னு நானும் கேக்கல, நீங்களும் சொல்லல. அந்த வருஷத்துல பிறந்ததுன்னு தெரிஞ்சும் நான் கேக்காம விட்டது தப்புதான்."

பென்சிலால் கணக்குப் போட ஆரம்பித்தார். எனக்குப் புரிகிற மாதிரியும் சொன்னார், கோபிக்காத மனிதர். பிள்ளை பிறக்கிற நேரத்தில் கிழக்கே எந்த ராசி எழுந்துகொண்டிருக்கிறதோ அதுதான் இலக்கினம். அங்கேயிருந்துதான் வீடுகளை எண்ண வேண்டும். ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை அது மாறிவிடும். "பூமி சுத்துதுல்ல, அதான்" என்றேன். "அதேதான்" என்றார். எனக்கு ஆச்சரியம். டீச்சருக்கும் இவருக்கும் இப்படி ஒத்துப்போகும் என்று நான் நினைக்கவே இல்லை.

பென்சில் நின்றது. "இலக்கினம் ஒரு ராசி பின்னால போகுது. செவ்வாய் ஒன்பதுல வருது."

"அப்ப தோஷம்?"

"தோஷம் இல்ல. செவ்வாய் இருந்த இடத்துலதான் இருக்கு. நாம எண்ண ஆரம்பிச்ச இடம்தான் தப்பு."

அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "தைப்பிங் இடம்?"

"கொடுக்கக்கூடாது. அவருக்கு இருக்கிற தோஷம் தோஷமில்லாத பொண்ணுக்கு ஆகாது. நானே அவங்களுக்குச் சொல்லிடறேன். மனஸ்தாபம் வராது."

எனக்கு அந்த மாடிப்படியில் குதித்து இறங்க வேண்டும் போல இருந்தது. அத்தை போகவேண்டாம். எங்கேயும் போகவேண்டாம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்து நடந்தேன். அவர் கை ஜில்லென்று இருந்தது. வழியில் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை.

ஜாதகம் உண்மையா பொய்யா என்று இப்போது என்னைக் கேட்பீர்கள். கேட்காதீர்கள். நடுவில் வேறொன்றும் கேட்பீர்கள், அதைச் சொல்லிவிடுகிறேன்: அத்தை பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டாள். முப்பது தாண்டி, தன்னோடு வேலை பார்த்தவரை, அவளாகவே பார்த்து. அதற்கு யாரும் கட்டம் போட்டுப் பார்க்கவில்லை.

அன்று அத்தை காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து கடைக்குப் பின்னால் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா அவளைக் கூப்பிட்டார். அம்மாவும் நானும் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றோம். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். 

"அந்த வாத்தியாரு நல்ல பையன். துறைமுகத்துக்காரரும் நல்லவரு. எல்லாம் என்னாலதான் போச்சு. கடிகாரத்தை ஒழுங்காப் பார்க்கத் தெரியாத முட்டாள் நான். உன் வாழ்க்கையை நானே கெடுத்துட்டேன்மா."

அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, நான் எத்தனை மணிக்குப் பிறந்தேன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்."

செருகியிருந்த சேலைக் கொசுவத்தை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க சூப்பர்வைசர் அம்மா ஜப்பான்காரன் காலத்துக் கதையெல்லாம் சொல்லுவாங்க. தோக்கியோ மணிக்குத்தான் டூட்டி, இருட்டுல வேலைக்கு வரணும்னு சொன்னாங்க. அன்னைக்கே கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன், கட்டமும் மாறிடும்னு தெரிஞ்சுபோச்சு."

"அடிப்பாவி" என்றாள் அம்மா. "அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா அந்த வாத்தியாருக்கே கட்டிக் கொடுத்திருப்பீங்க அண்ணி. வேலையை விடச் சொன்னாருல்ல, ஞாபகம் இருக்கா? துறைமுகத்துக்காரரும் அதேதான். எனக்கு அப்பதான் வேலை கிடைச்சிருந்துது. செவ்வாய் என்னை என்ன பண்ணுச்சு? காவலுக்கு இருந்துச்சு."

முதலில் சிரித்தது அம்மாதான். மிச்சக் கேசரி அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் இவளுக்காக அழுதேனே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"சரி. தைப்பிங் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? கட்டிக் கொடுத்து அனுப்பியே இருப்பேனேம்மா. போயே இருப்பியே."

அத்தை அவருக்குப் பக்கத்தில் இன்னொரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். பிறகு, "சொல்லத்தான் வந்தேன்" என்றாள். "பொருத்தம் சரியா இருக்குன்னு ஜோசியர் சொன்ன அன்னைக்கு, சொல்லிடணும்னு கடைக்குள்ள வந்தேன். நீங்க கல்லாவுல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. அப்பா செத்ததுக்கப்புறம் நீங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல அண்ணே. வாய் வரல. திரும்பி மேல போயிட்டேன்."

அப்பா அவளையே பார்த்தார். அவர் கன்னத்தில் நீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. ஒரு தங்கச்சி தனக்காக ஊரையும் வேலையையும் விட்டுப் போக இருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வாழ்க்கையைக் கெடுத்தேன் என்று வந்தவருக்கு, கெடவில்லை, கெடாமல் ஒரு நூலிழையில் தப்பியது என்பதும் விளங்கியது. எனக்கு இந்த வயதில் தெரிவது இது. அப்போது அப்பா அழுகிறாரே என்றுதான் இருந்தது.

"இனிமே சிரிக்கிறதா இருந்தா உன்னைக் கேட்டுட்டுத்தான் சிரிப்பேன்" என்றார் கடைசியில். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த வீட்டில் அதுவரை யாரும் அத்தையைக் கேட்காத ஒன்றைக் கேட்டார். "சொல்லும்மா. இப்ப உனக்கு என்ன வேணும்?"

அத்தை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"தூங்கணும் அண்ணே. தீபாவளியிலேருந்து நான் சரியாத் தூங்கல."

மேலே போய், சேலைகூட மாற்றாமல் படுத்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது வாயைத் திறந்துகொண்டு லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கடை சாத்தும் நேரம் ஆனது. கடைக்கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் இறக்குவதென்றால் தெருவே அதிரும், உங்களுக்குத் தெரியாததா. அன்று அப்பா ஒவ்வொரு பலகைக்கும் கீழே கோணித் துண்டு மடித்து வைத்து, குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி இறக்கினார். சத்தமே வரவில்லை.